கல்லே, உன் ஊர் எது?

குட்டீஸ், மலையூர் வீட்டுத் திண்ணையில் ஒரு கடற்சங்கு இருந்தால் என்ன நினைப்பீர்கள்? யாரோ கடலிலிருந்து கொண்டுவந்தார்கள் என்றுதானே! கல்லும் அப்படித்தான். கற்கால மனிதர் எங்கெங்கே நடந்தார்கள் என்பதை அவர்கள் விட்டுச்சென்ற கற்களே சொல்லும். நம் நாட்டில் அந்தப் பாடத்தைத் தொடங்கிவைத்தவர் ராபர்ட் புரூஸ் ஃபூட்.

1834-ல் இங்கிலாந்தில் பிறந்த ஃபூட், 1858-ல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் சேர்ந்து சென்னைக்கு வந்தார். பாறைகளை ஆராய்வதுதான் அவர் வேலை. 1863 மே 30 அன்று பல்லாவரத்துச் சரளை மண்ணில் ஒரு கல்லைக் கண்டார். அது தானாக உடைந்ததல்ல, மனிதக் கை செதுக்கிய கருவி! இந்தியாவில் பழைய கற்கால மனிதர் வாழ்ந்ததற்கு அதுவே சான்றானது. அதே ஆண்டு அத்திரம்பாக்கத்திலும் கருவிகள் கிடைத்தன. அங்குள்ள மிகப் பழைய கருவிகளின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டுகள் என்று 2011-ல் தெரியவந்தது.

பெல்லாரி வெங்காயம் தெரியுமல்லவா? மழை குறைந்த அந்தப் பெல்லாரிப் பகுதி அப்போது சென்னை மாகாணத்தில் இருந்தது. அங்கே குப்கல் என்ற கிரானைட் குன்றின் குறுக்கே, கோடு போட்டதுபோல் டோலரைட் என்னும் கறுப்புப் பாறை ஓடுகிறது. அதைச் சுற்றி உடைந்த சில்லுகளும் பாதி செய்த கோடரிகளும் குவிந்து கிடந்தன. அது புதிய கற்காலத்தின் கோடரிப் பட்டறை என்பதை ஃபூட் விளக்கினார்.

அந்த வட்டாரத்தில் பெரிய சாம்பல் மேடுகளும் உண்டு. அவை மாட்டுச் சாணம் எரிந்த சாம்பல் என்றார் ஃபூட். அது சரி என்று பிற்கால ஆய்வுகள் காட்டின. மாடுகளோடு அங்கே தங்கிய மேய்ப்பர்களின் அடையாளம் அது!

இன்று விஞ்ஞானிகள் கல்லில் கலந்துள்ள தனிமங்களை அளக்கிறார்கள். நம் கைரேகைபோல அது பாறைக்குப் பாறை மாறும். அதை வைத்து, தொலைவில் கிடைத்த கோடரி எந்தக் குன்றில் பிறந்தது என்று தேட முடிகிறது. ஆனால் குப்கல் குன்றின் சில பகுதிகளைக் கல் குவாரிக்காக வெட்டிவிட்டார்கள். தாய்ப்பாறை போய்விட்டால் எதோடு ஒப்பிடுவது?

ஃபூட் தாம் எடுத்த ஒவ்வொரு கருவியும் கிடைத்த ஊரைக் குறித்துவைத்தார். 1912-ல் மறைந்த அவருடைய கல்லறை ஏற்காட்டில் இருக்கிறது. அவர் சேகரித்தவை சென்னை அருங்காட்சியகத்தில் உள்ளன.

குட்டீஸ், வித்தியாசமான கல் கண்ணில் பட்டால் பையில் போட்டுக்கொள்ளாதீர்கள். கிடந்த இடத்தைக் குறித்துக்கொண்டு ஆசிரியரிடம் சொல்லுங்கள். இடம் தெரியாத கல் ஊமைக் கல்!