சூப்பர்மேன் நடிகர் ஸ்டெம் செல்லுக்காக ஏன் போராடினார்? கிறிஸ்டோபர் ரீவின் கதை

சூப்பர்மேன் என்றதும் 80ஸ் கிட்ஸுக்கு ஞாபகம் வருகிற முகம் கிறிஸ்டோபர் ரீவ். 1978ல் வந்த முதல் படம் தொடங்கி நான்கு படங்களில் அந்தச் சிவப்பு அங்கியைப் போட்டவர். ஆனா அமெரிக்க அரசியலில் அவர் பெயர் அடிபட்டது வேறொரு விஷயத்துக்காக.

1995 மே 27. வர்ஜீனியா மாகாணத்தில் குதிரையேற்றப் போட்டி. தடையைத் தாண்ட வேண்டிய குதிரை சட்டென நின்றுவிட, ரீவ் தலைகுப்புற விழுந்தார். கைகள் கடிவாளத்தில் சிக்கியதால் ஊன்றக்கூட முடியலை. கழுத்தின் மேல் இரண்டு எலும்புகளும் உடைந்தன. அப்போது வயது 42. கழுத்துக்குக் கீழே அசைவே இல்லை, மூச்சு விட வென்டிலேட்டர். இனி வாழணுமா என்று அவரே யோசித்தார். மனைவி டேனாதான் அவரைப் பிடித்து நிறுத்தினார்.

கரு ஸ்டெம் செல்: என்ன சிக்கல்?

1998ல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் தாம்சன் குழு, மனிதக் கருவிலிருந்து ஸ்டெம் செல்களைப் பிரித்து ஆய்வகத்தில் வளர்த்தது. நரம்பு, இதயம், ரத்தம் என உடலின் எந்த செல்லாகவும் மாறக்கூடியவை இவை. அப்போ அறுந்துபோன தண்டுவட நரம்பையும் சரிசெய்யலாமே? ரீவ் பிடித்துக்கொண்டது இந்த நம்பிக்கையைத்தான்.

சிக்கல் எங்கே என்றால், அந்த செல்களை எடுத்தால் கரு அழிந்துவிடும். கரு என்பது சுமார் 5 நாள் வயதான, நூற்றுச் சொச்சம் செல்கள் கொண்ட ஒரு சின்ன உருண்டை. அதுவும் உயிர்தான், ஒருவரைக் குணமாக்க இன்னொரு உயிரை அழிக்கலாமா என்று கத்தோலிக்கத் திருச்சபையும் வேறு பலரும் கேட்டார்கள். சோதனைக் குழாய் குழந்தை சிகிச்சையில் மிஞ்சி, எப்படியும் தூக்கிப்போடப் போகிற கருக்களைத்தானே கேட்கிறோம் என்பது ரீவின் வாதம். செனட் குழு முன்னால் வீல்சேரில் வந்து பேசினார். மனிதனையே குளோனிங் செய்வதை மட்டும் அவரும் எதிர்த்தார்.

2001 ஆகஸ்ட் 9 அன்று அதிபர் ஜார்ஜ் புஷ் ஒரு நடுவழியை அறிவித்தார். ஏற்கெனவே பிரித்தெடுத்து வளர்த்துவரும் செல் வரிசைகளுக்கு மட்டும் மத்திய அரசு நிதி; புதுக் கருவை அழித்து எடுத்தால் நிதி கிடையாது. அப்படி 60க்கும் மேல் இருப்பதாகச் சொன்னார்கள். ஆராய்ச்சியாளர்கள் கைக்கு வந்தது 20 சொச்சம்தான். ரீவுக்கு இது பெரிய அடி.

ரீவ் மீதும் விமர்சனம்

2000ஆம் ஆண்டு சூப்பர் பவுல் போட்டியின்போது ஒரு முதலீட்டு நிறுவனத்தின் விளம்பரம் ஒளிபரப்பானது. அதில் கம்ப்யூட்டர் கிராபிக்ஸ் மூலம் ரீவ் எழுந்து நடந்தார். சிலர் அவர் நிஜமாகவே குணமாயிட்டார் என்று நம்பிவிட்டார்கள்! பொய்யான நம்பிக்கை கொடுக்கிறார் என்று கண்டனம் வந்தது. குணமாக்குவதைப் பற்றியே பேசுகிறார், வீல்சேரிலேயே வாழப்போகிறவர்களின் வேலை, வசதி, உரிமை பற்றி யார் பேசுவது என்று மாற்றுத்திறனாளி செயற்பாட்டாளர்கள் கேட்டார்கள். இந்தக் கேள்வியைச் சும்மா ஒதுக்கிவிட முடியாது. எதிர்காலத்தைக் காட்டுவதில் தப்பில்லை என்று ரீவ் தன் பக்கத்தில் உறுதியாக நின்றார்.

இன்னொன்றையும் இங்கே சொல்லணும். பிறகு அவர் விரலை அசைத்தார், தொடுவதை உணர்ந்தார். மருத்துவர்களே ஆச்சரியப்பட்டார்கள். ஆனா அதற்கும் ஸ்டெம் செல்லுக்கும் சம்பந்தமில்லை. மின்தூண்டலோடு பல வருஷம் விடாமல் செய்த உடற்பயிற்சியோடுதான் அந்த முன்னேற்றம் வந்தது.

2004 அக்டோபர் 8 அன்று அதிபர் தேர்தல் விவாதத்தில் ஜான் கெர்ரி அவர் பெயரைச் சொன்னார். இரண்டே நாளில், அக்டோபர் 10 அன்று, 52 வயதில் ரீவ் இறந்துபோனார். படுக்கைப் புண்ணால் தொற்று ஏற்பட்டு, மாரடைப்பு வந்து கோமாவுக்குப் போயிருந்தார். அடுத்த மாதமே கலிபோர்னியா வாக்காளர்கள் ஸ்டெம் செல் ஆராய்ச்சிக்கு 300 கோடி டாலர் ஒதுக்கச் சம்மதித்தார்கள். அதற்கு ஆதரவு கேட்டு ரீவ் சாவதற்கு முன்பே ஒரு விளம்பரம் பதிவு செய்து வைத்திருந்தார்.

2006ல் ஜப்பானின் ஷின்யா யமனாகா, எலியின் சாதாரண செல்லையே ஸ்டெம் செல் போல மாற்றிக்காட்டினார். மறுவருஷம் மனித செல்லிலும் அது நடந்தது. கருவை அழிக்கத் தேவையில்லாத வழி. 2012ல் நோபல் பரிசு.

கரு ஸ்டெம் செல்லிலிருந்து உருவாக்கிய செல்களை முதன்முதலாக ஒரு மனிதரின் தண்டுவடத்தில் செலுத்தியது 2010 அக்டோபரில், அட்லாண்டாவில். பெரிய பக்கவிளைவு இல்லை. நோயாளிகள் எழுந்து நடக்கவும் இல்லை. ஒரே வருஷத்தில் பணப் பிரச்னையால் நிறுவனம் சோதனையை நிறுத்திவிட்டது. அடிபட்டு 14 நாட்களுக்குள் இருப்பவர்களை மட்டுமே அதில் சேர்த்தார்கள். ரீவ் உயிரோடு இருந்திருந்தாலும் அவருக்கு இடம் கிடைத்திருக்காது.