காலைக் காப்பாற்றியது அதிர்ஷ்டம்: கனடாவின் மருத்துவக் காப்பீட்டுக்கு வித்திட்ட டாமி டக்ளஸ் யார்?

'24' சீரியலில் ஜாக் பாயராக வந்த கீஃபர் சதர்லாண்டைப் பலருக்கும் தெரிந்திருக்கும். அவருடைய அம்மாவின் அப்பாதான் டாமி டக்ளஸ். கனடாவில் பேரனைவிடத் தாத்தாதான் பெரிய ஸ்டார். 2004-ல் அந்த நாட்டின் சிபிசி டிவி நடத்திய வாக்கெடுப்பில், மாபெரும் கனடியர் என்று மக்கள் தேர்ந்தெடுத்தது அவரைத்தான். இத்தனைக்கும் அவர் கனடாவில் பிறந்தவரே இல்லை.

1904-ல் ஸ்காட்லாந்தின் ஃபால்கிர்க்கில் பிறந்தார். அப்பா இரும்பு வார்ப்புத் தொழிலாளி. சின்ன வயதில் கீழே விழுந்ததில் முழங்காலில் அடி. அது எலும்புக்குள் சீழ் பிடிக்கும் நோயாக மாறியது. ஆன்டிபயாடிக் கிடையாத காலம் அது. குடும்பம் கனடாவின் வின்னிபெக் நகருக்குக் குடிபோன பிறகும் நோய் விடவில்லை. காசில்லாதவர்களுக்கான வார்டில் கிடந்த பையனின் காலை எடுத்துவிட வேண்டியதுதான் என்றார்கள் டாக்டர்கள். ஸ்பெஷலிஸ்ட்டிடம் போக வீட்டில் வழியில்லை.

அந்த நேரத்தில் எலும்பு அறுவை நிபுணர் ஒருவரின் கண்ணில் பையன் பட்டான். மாணவர்கள் பார்த்துப் படிக்க இந்த கேஸைப் பயன்படுத்த சம்மதித்தால், ஃபீஸ் வேண்டாம் என்றார் அவர். பெற்றோர் சம்மதித்தார்கள். கால் பிழைத்தது. 1922-ல் அதே காலோடு மானிட்டோபா மாகாணத்தின் லைட்வெயிட் பாக்ஸிங் சாம்பியனும் ஆனார் டக்ளஸ்!

அந்த டாக்டர் மேல் அவருக்குக் கடைசிவரை நன்றி உண்டு. ஆனால் கூடவே ஒரு உறுத்தலும் இருந்தது. பணக்கார வீட்டுப் பிள்ளையாக இருந்திருந்தால் பெரிய டாக்டர் முதலிலேயே வந்திருப்பார். தனக்கு வந்தது வெறும் அதிர்ஷ்டம். பக்கத்துக் கட்டிலில் இருந்த பையனுக்கு?

1930-ல் சஸ்காட்செவன் மாகாணத்தின் வேபர்ன் என்ற சிறிய ஊரில் பாதிரியாரானார். பொருளாதார மந்தமும் வறட்சியும் சேர்ந்து அடித்த வருடங்கள். முப்பதுகளில் இருந்த இரண்டு இளைஞர்களை, சின்னக் குழந்தைகளின் அப்பாக்களை, அவரே அடக்கம் செய்ய வேண்டியிருந்தது. பக்கத்தில் டாக்டர் இல்லை, நல்ல சிகிச்சைக்குக் காசும் இல்லை. அதனால்தான் அவர்கள் போனார்கள் என்று டக்ளஸ் நம்பினார். 1935-ல் எம்.பி. ஆனார். (அவரைப் புனிதராக்கவும் வேண்டாம். 1933-ல் எழுதிய முதுகலை ஆய்வேட்டில், சிலரைக் கட்டாயக் கருத்தடைக்கு உட்படுத்தலாம் என்று வாதிட்டவர். ஆட்சிக்கு வந்த பிறகு அதைச் செய்யவில்லை.)

1944 தேர்தலில் அவர் கட்சிக்கு 52-ல் 47 இடங்கள். மாகாண முதல்வரான டக்ளஸ், சுகாதாரத் துறையையும் தன் கையிலேயே வைத்துக்கொண்டார். 1947 ஜனவரி 1 முதல் ஆஸ்பத்திரிக் காப்பீடு வந்தது. தலைக்கு வருடம் 5 டாலர். குடும்பம் எவ்வளவு பெரிதானாலும் 30 டாலருக்கு மேல் இல்லை. அதைக் கட்டிவிட்டால் ஆஸ்பத்திரி பில் கிடையாது. இன்றைய பாலிசி மொழியில் சொன்னால் முழு கேஷ்லெஸ்.

கார்டு இருந்து ஆஸ்பத்திரி இல்லாவிட்டால் என்ன பயன்? பரந்த கோதுமை நிலங்களுக்கு நடுவே சிதறிக் கிடக்கும் ஊர்கள் அவை. அதனால் 1946-லேயே அரசே விமான ஆம்புலன்ஸ் சேவையைத் தொடங்கியிருந்தது.

அடுத்தது டாக்டர் ஃபீஸ். இங்கேதான் சண்டை. 1961-ல் சட்டம் நிறைவேறிய சமயத்தில் டக்ளஸ் தேசிய அரசியலுக்குப் போய், புதிய ஜனநாயகக் கட்சியின் முதல் தலைவரானார். சட்டம் 1962 ஜூலை 1-ல் அமலானபோது முதல்வர் நாற்காலியில் இருந்தவர் உட்ரோ லாய்ட். அரசு தங்களை ஆட்டிப்படைக்கும் என்று பயந்த டாக்டர்கள் பெரும்பாலானோர் அன்றே கிளினிக்கை மூடினார்கள். டாக்டரைத் தேடி காரில் அலைந்த ஒரு தம்பதியின் கைக்குழந்தை வழியிலேயே இறந்தது. காப்பீட்டை எதிர்த்தவர்களும் ஆதரித்தவர்களும் ஒருவர் மேல் ஒருவர் பழி போட்டார்கள்.

பிரிட்டனிலிருந்து டாக்டர்கள் வரவழைக்கப்பட்டார்கள். 23 நாளில் சமரசம் ஆனது. டாக்டர்கள் அரசு ஊழியர்கள் ஆகவில்லை. தங்கள் கிளினிக்கிலேயே இருந்துகொண்டு பில்லை மட்டும் காப்பீட்டுக்கு அனுப்பினார்கள். டக்ளஸ்தான் விலை கொடுத்தார். ஜூன் 1962 தேசியத் தேர்தலில் தன் சொந்த மாகாணத்தின் ரெஜைனா தொகுதியிலேயே தோற்றுப்போனார்.

ஆனால் 1966-ல் மத்திய அரசே அதே மாதிரியில் சட்டம் கொண்டுவந்தது. 1972-க்குள் எல்லா மாகாணங்களும் சேர்ந்துவிட்டன. டக்ளஸ் 1986 பிப்ரவரியில் புற்றுநோயால் இறந்தார்.

எல்லாம் சரியாகிவிடவில்லை. ஸ்பெஷலிஸ்ட்டைப் பார்க்கவும் ஆபரேஷனுக்கும் மாதக்கணக்கில் காத்திருப்பதாகக் கனடியர்கள் இன்றும் புலம்புகிறார்கள். மருந்துக் கடை பில்லும் பல் சிகிச்சையும் டக்ளஸ் காலத்துத் திட்டத்துக்கு வெளியே நின்றுபோயின. பல் சிகிச்சைக்கான தேசியத் திட்டம் 2023 டிசம்பரில்தான் தொடங்கியது. அதற்காக லிபரல் அரசை நெருக்கியது, அவர் முதல் தலைவராக இருந்த அதே கட்சி.