மாட்டின் லூதரும் மத்தியகால ஐரோப்பாவின் முடிவும்

கி.பி. 1500 ஆம் ஆண்டளவில் மேற்கு ஐரோப்பாவில் வாழ்ந்த ஒருவர் எந்த மொழியைப் பேசினாலும், எந்த மன்னனின் கீழ் வாழ்ந்தாலும், யூதர் முதலிய சிலரைத் தவிர, ஒரே திருச்சபையைச் சேர்ந்தவராகவே இருந்தார். ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகிய யாவும் அத்திருச்சபையின் கையிலேயே இருந்தன. அரசர்களைக்கூடத் திருச்சபையிலிருந்து விலக்கிவைக்கும் அதிகாரம் பாப்பரசருக்கு இருந்தது. மத்தியகால ஐரோப்பாவை ஒன்றாகப் பிணைத்திருந்த கயிறு இதுவே எனலாம்.

இக்கயிறு ஏற்கெனவே நைந்துபோயிருந்தது. 1378 முதல் 1417 வரை ஒரே வேளையில் இருவரும், பின்னர் மூவரும், தாமே உண்மையான பாப்பரசர் என உரிமை கோரினர். 1440 இல் இத்தாலிய அறிஞர் லொரன்சோ வல்லா, பாப்பரசரின் ஆட்சியுரிமைக்கு ஆதாரமாகக் காட்டப்பட்ட பழைய சாசனமொன்று பிற்காலத்தில் எழுதப்பட்ட போலி என்பதை அதன் மொழிநடையைக் கொண்டே நிறுவினார். ஆயினும் கயிறு அறுந்தது ஒரு ஜேர்மனியத் துறவியின் வாழ்நாளிலாகும். அதை அறுக்கும் எண்ணம் தொடக்கத்தில் அவரிடம் இருக்கவில்லை என்பதை மாணவர்கள் முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும்.

மாட்டின் லூதர் 1483 நவம்பர் 10 ஆம் திகதி ஜேர்மனியின் ஐஸ்லெபன் என்னும் சிறு நகரில் பிறந்தார். மறுநாள் புனித மாட்டின் திருநாளாகையால் அப்பெயரே குழந்தைக்குச் சூட்டப்பட்டது. தந்தை ஹான்ஸ் செப்புச் சுரங்கத் தொழிலில் ஈடுபட்டு முன்னேறியவர். மகனைச் சட்டம் படித்தவனாகக் காண விரும்பினார். லூதரும் எர்பர்ட் பல்கலைக்கழகத்தில் 1505 இல் முதுகலைப் பட்டம் பெற்று, சட்டக் கல்வியை ஆரம்பித்தார். அவ்வாண்டு ஜூலை 2 ஆம் திகதி வீட்டிலிருந்து பல்கலைக்கழகத்துக்குத் திரும்பும் வழியில் கடும் இடிமின்னலில் அகப்பட்டுக்கொண்டார். மரண பயத்தில், தாம் உயிர் தப்பினால் துறவியாவதாகச் சுரங்கத் தொழிலாளரின் பாதுகாவலியான புனித அன்னம்மாளிடம் நேர்ந்தார். இரு வாரங்களில் அகுஸ்தீனியத் துறவிகளின் மடத்தில் சேர்ந்தார். தந்தையாருக்கு ஏற்பட்ட கோபம் எளிதில் தணியவில்லை.

மடத்தில் அவர் எதிர்ப்பாளராக இருக்கவில்லை. உபவாசம், கண்விழிப்பு, செபம் ஆகியவற்றில் மற்றவர்களை மிஞ்சினார். பாவசங்கீர்த்தனம் செய்ய மணிக்கணக்கில் அமர்ந்தார். அதன்பின்பும் சொல்லாமல் விட்ட பாவம் ஒன்று இருக்குமோ என்று அஞ்சினார். நீதியுள்ள கடவுள் முன் பாவியான மனிதன் எவ்வாறு நிற்க முடியும் என்பதே அவரை வாட்டிய கேள்வி. 1512 இல் விற்றன்பேர்க் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்று வேதாகமப் பேராசிரியரானார். அங்கு பவுல் எழுதிய நிருபங்களை விளக்கும் பணியினூடாகவே விடையையும் கண்டார். மனிதன் தனது நற்செயல்களால் அன்றி, கடவுள் இலவசமாக வழங்கும் அருளை விசுவாசத்தால் ஏற்பதாலேயே மீட்படைகின்றான் என்பது அவ்விடை. கேட்பதற்கு இது ஒரு துறவியின் மன ஆறுதல் போலவே தோன்றும். ஆனால் விசுவாசம் மட்டும் போதுமென்றால் யாத்திரைகள், புனிதர்களின் எச்சங்கள், துறவற விரதங்கள், குருவானவரின் இடைத்தரகு ஆகியவற்றின் இடம் என்ன? லூதரின் கொள்கை மத்தியகால அமைப்பின் அத்திவாரத்தைத் தொட்டது இவ்விடத்திலேயே.

கேள்வி வெளியே வருவதற்குப் பணம் காரணமாயிற்று. அல்பிரெக்ட் என்ற இளம் பிரபு ஏற்கெனவே ஒரு பேராயராக இருந்துகொண்டே மைன்ஸ் நகரின் பேராயர் பதவியையும் பெற்றார். இதற்காக உரோமுக்குச் செலுத்த வேண்டிய பெருந்தொகையைப் பூகர் என்ற வங்கிக் குடும்பத்திடம் கடனாக வாங்கினார். கடனை அடைக்க வழி, பாவமன்னிப்புச் சீட்டு விற்பனை. கிடைக்கும் வருமானத்தில் பாதி பூகர் குடும்பத்துக்கும், மறுபாதி உரோமில் கட்டப்பட்ட புனித பேதுரு பேராலயத்துக்கும் என்று ஏற்பாடு. மக்களுக்குப் பேராலயம் பற்றி மட்டுமே கூறப்பட்டது; கடன் விவகாரத்தை லூதரும் அப்போது அறிந்திருக்கவில்லை. திருச்சபையின் போதனைப்படி இச்சீட்டு பாவத்தை மன்னிப்பதன்று, பாவத்துக்கான தண்டனையைக் குறைப்பதாகும். ஆனால் ஜொஹான் டெற்சல் போன்ற போதகர்கள், இறந்துபோன பெற்றோரைக்கூட உத்தரிக்கும் ஸ்தலத்திலிருந்து காசு விடுவித்துவிடும் என்ற எண்ணத்தையே சனங்களிடம் ஏற்படுத்தினர். லூதரின் ஆட்சியாளரான சாக்சனியின் பிரடெரிக் தமது எல்லைக்குள் டெற்சலை அனுமதிக்கவில்லை. விற்றன்பேர்க் மக்களோ எல்லை கடந்து சென்று சீட்டு வாங்கி வந்தனர்.

1517 ஒக்டோபர் 31 ஆம் திகதி லூதர் இது குறித்து 95 கருத்துரைகளை எழுதி, ஒரு கடிதத்துடன் பேராயர் அல்பிரெக்டுக்கு அனுப்பினார். இவற்றை அவர் தேவாலயக் கதவில் ஆணியடித்து மாட்டினார் என்பது எல்லோரும் எழுதும் விடயம். ஆனால் அச்செய்தியைப் பரப்பியவர் லூதரின் நண்பர் மெலாங்தன். அவர் 1518 இல்தான் விற்றன்பேர்க் வந்தவர். லூதர் இறந்த பின்னரே இதனை எழுதினார். எனவே வரலாற்றாசிரியரிடையே இது பற்றி ஒருமித்த கருத்து இல்லை. விடை எழுதும்போது கருத்துரைகளை வெளியிட்டார் எனக் குறிப்பிடுவது பாதுகாப்பானது.

இக்கருத்துரைகளில் முதலாவது மறுமலர்ச்சியின் நேரடிப் பயன் என்பதையும் கவனியுங்கள். இராஸ்மஸ் என்ற மானிடவாத அறிஞர் 1516 இல் கிரேக்க மொழியில் புதிய ஏற்பாட்டைப் பதிப்பித்தார். இலத்தீன் வேதாகமத்தில் பிராயச்சித்தச் சடங்கைச் செய்யுமாறு கூறுவதாக விளங்கிக்கொள்ளப்பட்ட சொல், கிரேக்க மூலத்தில் மனமாற்றத்தைக் குறிப்பதாகக் காணப்பட்டது. மனந்திரும்புதல் என்பது ஒருநாட் சடங்கன்று, வாழ்நாள் முழுவதற்கும் உரியது என்று லூதர் வாதிட்டது இதன் அடிப்படையிலேயே.

கருத்துரைகள் இலத்தீன் மொழியில், அறிஞர் விவாதத்துக்காக எழுதப்பட்டவை. நூறு ஆண்டுகளுக்கு முன்னர் எனில் அவை பல்கலைக்கழகச் சுவர்களுக்குள் முடங்கியிருக்கும். கூட்டன்பேர்க்கின் அச்சியந்திரம் நிலைமையை மாற்றியிருந்தது. 1517 முடிவதற்குள் பல நகரங்களில் அவை அச்சாகின. லூதர் விரைவிலேயே இதன் பலத்தை உணர்ந்து, சாதாரண மக்களின் ஜேர்மன் மொழியில் சிறு பிரசுரங்களை எழுதத் தொடங்கினார். 1520 இல் ஜேர்மனியப் பிரபுக்களுக்கு எழுதிய நூலின் 4000 பிரதிகள் சில வாரங்களிலேயே விற்றுத் தீர்ந்தன. அச்சகத்தார் செல்வந்தராயினர், லூதர் எழுத்துக்குப் பணம் வாங்கவில்லை.

1519 இல் லைப்சிக் நகரில் ஜொஹான் எக் என்ற அறிஞருடன் நடந்த விவாதம் ஒரு திருப்புமுனையாகும். 1415 இல் கொன்ஸ்ரன்ஸ் பொதுச்சங்கம் எரித்துக் கொன்ற ஜோன் ஹஸ்ஸின் கருத்துகள் சில சரியானவையே என லூதர் அங்கு ஒப்புக்கொள்ள நேர்ந்தது. பாப்பரசரும் தவறலாம், பொதுச்சங்கமும் தவறலாம், வேதாகமமே இறுதி அதிகாரம் என்ற நிலைக்கு அவர் தள்ளப்பட்டார். பாப்பரசர் பத்தாம் லியோ அறுபது நாள் அவகாசம் கொடுத்து ஆணை விடுத்தார். 1520 டிசம்பர் 10 இல் லூதர் அதனைத் தீயிலிட்டார். 1521 ஜனவரியில் திருச்சபையிலிருந்து விலக்கப்பட்டார்.

அதே ஆண்டு ஏப்ரலில் வோம்ஸ் நகரில் கூடிய பேரரசு மன்றத்தின் முன் அவர் அழைக்கப்பட்டார். உயிருக்குப் பாதுகாப்பு உறுதி வழங்கப்பட்டிருந்தது. அவ்வாறான உறுதி பெற்றுச் சென்ற ஹஸ்தான் எரிக்கப்பட்டார் என்பதை லூதர் நன்கு அறிவார். பேரரசர் ஐந்தாம் சார்ள்ஸ் அப்போது 21 வயது இளைஞர். மேசைமேல் லூதரின் நூல்கள் அடுக்கப்பட்டிருந்தன. அவற்றை மீளப்பெறுகின்றாரா என்று கேட்கப்பட்டபோது, அவர் உடனே வீரமாக மறுக்கவில்லை. சிந்திக்க ஒருநாள் அவகாசம் கேட்டார். இந்தத் தயக்கத்தைப் பல நூல்கள் விட்டுவிடுகின்றன; எனக்கோ மறுநாள் அவர் கொடுத்த விடையின் பெறுமதி இதனாலேயே கூடுவதாகத் தோன்றுகின்றது. வேதாகமத்தாலோ தெளிவான நியாயத்தாலோ பிழையென நிறுவப்பட்டாலன்றித் தமது மனச்சாட்சிக்கு மாறாக மீளப்பெற முடியாது என மறுநாள் மறுத்தார்.

பேரரசர் அவரைச் சட்டத்துக்குப் புறம்பானவராக அறிவித்தார். ஆனால் பிரடெரிக் அவரை இரகசியமாக வார்ட்பேர்க் கோட்டையில் மறைத்துவைத்தார். பிரான்சுடனான போர், துருக்கியரின் முன்னேற்றம் என்பவற்றால் சார்ள்சுக்குத் தமது ஆணையை நிறைவேற்ற வாய்ப்புக் கிட்டவில்லை. கோட்டையில் தாடி வளர்த்து, வேறு பெயரில் வாழ்ந்த லூதர், ஏறத்தாழ பதினொரு வாரங்களில் புதிய ஏற்பாட்டைக் கிரேக்கத்திலிருந்து ஜேர்மன் மொழிக்கு மாற்றினார். அது 1522 செப்ரெம்பரில் வெளிவந்தது. முழு வேதாகமமும் 1534 இல் வெளிவந்தது. ஜேர்மன் மொழியில் இதுவே முதலாவது வேதாகமம் அன்று. முன்னரும் பதினெட்டு அச்சுப் பதிப்புகள் இருந்தன. அவை இலத்தீனிலிருந்து பெயர்க்கப்பட்டவை. லூதரோ வீட்டில் தாய் பேசும் பேச்சையும் சந்தையில் கேட்கும் பேச்சையும் எழுத்தில் கொணர்ந்தார். பொதுவான ஜேர்மன் எழுத்துமொழி உருவாக இது பெரிதும் உதவியது.

இனி அவரது வாழ்வின் கசப்பான பகுதி. கிறிஸ்தவன் சுதந்திரமானவன் என்று லூதர் எழுதியதை மானிய முறையின் கீழ் நசுங்கிய விவசாயிகள் தமது சொற்களாக எடுத்துக்கொண்டனர். 1525 இல் அவர்கள் வெளியிட்ட பன்னிரண்டு கோரிக்கைகளில், தமது போதகரைத் தாமே தெரிவுசெய்யும் உரிமையும் பண்ணையடிமை முறையிலிருந்து விடுதலையும் இருந்தன. லூதர் முதலில் பிரபுக்களின் பேராசையையும் கண்டித்தார். ஆனால் கிளர்ச்சி வன்முறையாக மாறியதும், கலகக்காரரை இரக்கமின்றி வெட்டி வீழ்த்துமாறு பிரபுக்களைத் தூண்டி எழுதினார். மே 15 இல் பிராங்கன்ஹௌசனில் விவசாயிகள் படுகொலை செய்யப்பட்டனர். கிளர்ச்சி முழுவதிலும் இறந்தோர் தொகை ஒரு இலட்சம் வரை இருக்கலாமெனக் கணிக்கப்படுகின்றது. ஆன்மீகச் சுதந்திரத்தையும் சமூக விடுதலையையும் அவர் வேறு வேறாகவே கண்டார் என்பது ஒரு விளக்கம். அது விளக்கமேயன்றி நியாயமாகாது. முதுமையில் யூதர்களின் தொழுகைக்கூடங்களை எரிக்குமாறு 1543 இல் எழுதிய நூலும் இவ்வகையிலேயே சேரும்.

விவசாயிகள் வீழ்ந்து நான்கு வாரங்களில், கன்னியர் மடத்திலிருந்து தப்பிவந்த கத்தரினா வொன் போராவை லூதர் மணந்தார். பழைய துறவிமடமே வீடாயிற்று. நிலத்தைப் பயிரிட்டு, மாடு வளர்த்து, பியர் காய்ச்சி, மாணவருக்கு உணவளித்து அவ்வீட்டை நடத்தியவர் கத்தரினாவே. ஆறு பிள்ளைகளில் இருவரைச் சிறு வயதிலேயே இழந்தனர். குருமார் திருமணம் செய்வது, ஆண் பெண் இருபாலாருக்கும் நகரசபைகள் பாடசாலை அமைப்பது, வழிபாட்டில் மக்களே தாய்மொழியில் பாடுவது என்பன இக்காலத்தில் பரவின.

1525 இன் பின்னர் சீர்திருத்தம் மக்களின் கையிலிருந்து இளவரசர்களின் கைக்கு மாறியது. மடங்களின் சொத்துகள் அவர்களுக்குச் சென்றன. திருச்சபை நிர்வாகமும் அவர்களிடமே சென்றது. 1529 இல் ஸ்பேயர் மன்றத்தில் இவர்கள் தெரிவித்த எதிர்ப்பிலிருந்தே புரட்டஸ்தாந்து என்ற பெயர் பிறந்தது. சுவிற்சர்லாந்தில் சுவிங்லியும் பின்னர் கல்வினும் வேறு பாதைகளில் சென்றனர். 1658 இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் கல்வினின் வழிவந்தவர்கள், லூதரின் வழிவந்தவர்கள் அல்லர். இவ்விரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். 1706 இல் தரங்கம்பாடிக்கு வந்து, புதிய ஏற்பாட்டைத் தமிழில் பெயர்த்து அச்சிட்ட சீகன்பால்க் தான் லூதர் சபையைச் சேர்ந்தவர்.

லூதர் 1546 பெப்ரவரி 18 ஆம் திகதி, தாம் பிறந்த ஐஸ்லெபனிலேயே காலமானார். சில மாதங்களில் பேரரசருக்கும் புரட்டஸ்தாந்து இளவரசர்களுக்கும் போர் மூண்டது. 1555 இல் ஒக்ஸ்பேர்க் உடன்படிக்கையின்படி, ஒவ்வொரு பிரதேசத்தின் சமயத்தையும் அதன் ஆட்சியாளரே தீர்மானிக்கலாம் என ஏற்கப்பட்டது. ஒரே திருச்சபை, ஒரே பேரரசு என்ற மத்தியகாலக் கனவைச் சட்டமே கைவிட்டது. அப்பேச்சுவார்த்தையைத் தம்பி பேர்டினண்டிடம் விட்டு ஒதுங்கியிருந்த ஐந்தாம் சார்ள்ஸ், பின்னர் பதவிகளைத் துறந்து, ஸ்பெயினில் யுஸ்தே என்னும் துறவிமடத்தை அடுத்த இல்லத்துக்குச் சென்று, 1558 இல் அங்கேயே இறந்தார்.