பஞ்சாலையில் படித்த பையன்

ஆப்பிரிக்காக் கண்டத்தின் குறுக்கே, ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு நடந்த டேவிட் லிவிங்ஸ்டனைப் பள்ளிப் பாடத்தில் பலரும் படித்திருப்பார்கள். விக்டோரியா நீர்வீழ்ச்சிக்கு அந்தப் பெயரைச் சூட்டியவர் அவர்தான். ஆனால், அவர் பத்து வயதில் கூலி வேலைக்குப் போன பிள்ளை என்பது பலருக்குத் தெரியாது.

1813-ஆம் ஆண்டு மார்ச் 19-ஆம் நாள் ஸ்காட்லாந்தின் பிளான்டையர் எனும் ஊரில் அவர் பிறந்தார். கிளைட் ஆற்றங்கரையில் ஒரு பஞ்சாலை. அதன் தொழிலாளர்களுக்காக ஆலை நிர்வாகமே கட்டிக் கொடுத்த மாடிக் கட்டடத்தில் 24 குடும்பங்கள். ஒரு குடும்பத்திற்கு ஓர் அறை. சமையல், சாப்பாடு, தூக்கம் எல்லாம் அந்த ஓர் அறைக்குள்தான். நம் தோட்டத்து லயன் வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. ஏழு பிள்ளைகள் பிறந்த அந்த வீட்டில் இருவர் குழந்தைப் பருவத்திலேயே இறந்துபோனார்கள்.

தந்தை நீல் லிவிங்ஸ்டன் வீடு வீடாகச் சென்று தேயிலை விற்றவர். மதுவைத் தொடாதவர், பக்தி மிகுந்தவர், கண்டிப்பானவர். பொழுது சாய்ந்ததும் கதவைத் தாழிட்டுவிடுவார். அதற்குள் பிள்ளைகள் வீட்டில் இருக்க வேண்டும். ஒருநாள் டேவிட் தாமதமாக வந்தான். கதவு சாத்தியிருந்தது. அவன் அழவும் இல்லை, தட்டிக் கெஞ்சவும் இல்லை. எங்கேயோ ஒரு ரொட்டித் துண்டை வாங்கிக்கொண்டு வந்து, இரவை அங்கேயே கழிப்பதென்று வாசற்படியில் அமர்ந்துவிட்டான். தாய் ஆக்னஸ்தான் பார்த்து உள்ளே அழைத்துக்கொண்டார்.

பத்து வயதில் பஞ்சாலை வேலை. நூற்பு இயந்திரத்தில் இழை அறுந்தால் ஓடிப்போய் முடிந்துவிட வேண்டும். அதற்காக இயந்திரத்தின் அடியில் தவழ்ந்து போக வேண்டியும் வரும். காலை 6 மணிக்குத் தொடங்கினால் இரவு 8 மணிக்குத்தான் முடியும். இடையில் சாப்பிடுவதற்கு மட்டும் சிறிது நேரம். இக்காலத்தில் இதைச் சிறுவர் கொடுமை என்போம். அக்காலத்தில் அதுதான் வழக்கம்.

முதல் வாரச் சம்பளம் கைக்கு வந்தபோது, அதில் ஒரு பகுதியைக் கொண்டு டேவிட் வாங்கியது ஒரு லத்தீன் இலக்கணப் புத்தகம். அந்த வயதுப் பையன் மிட்டாய் வாங்கியிருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். இரவு 8 மணிக்கு ஆலையை விட்டதும் நேரே இரவுப் பள்ளிக்குப் போவான். அங்கே 10 மணி வரை பாடம். வீட்டுக்கு வந்து நள்ளிரவு வரை படிப்பான். தாய் எழுந்து வந்து புத்தகத்தைப் பிடுங்கிப் படுக்க வைத்த இரவுகளும் உண்டு. மறுநாள் காலை 6 மணிக்கு மீண்டும் ஆலை.

அதுவும் போதாமல், நூற்பு இயந்திரத்தின் மேலேயே புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டான். அங்கும் இங்கும் ஓடும்போது ஒவ்வொரு முறை கடந்து போகையிலும் ஒரு வரியைப் பார்த்துக்கொள்வான். அடுத்த முறை அடுத்த வரி. சுற்றிலும் இயந்திரங்களின் இரைச்சல். பிற்காலத்தில் ஆப்பிரிக்கக் கிராமங்களில் ஆட்டமும் பாட்டுமாக இருக்கும் இடத்திலும் கலங்காமல் எழுதவும் படிக்கவும் முடிந்ததென்றால், அது இந்த ஆலையில் பழகிய பழக்கம்தான்.

எந்நேரமும் புத்தகமும் கையுமாக இருந்த சாதுப் பிள்ளை என்று எண்ணிவிட வேண்டாம். பாழடைந்த பாத்வெல் கோட்டையில், மற்றப் பையன்கள் ஏறியதைவிட உயரத்தில் ஏறித் தன் பெயரைச் செதுக்கினான். ஒருமுறை பிடிக்கக் கூடாத சால்மன் மீனைப் பிடித்து, தம்பி சார்ல்ஸின் கால்சட்டைக்குள் மறைத்து ஊர் வழியே கொண்டு வந்தான். பார்த்தவர்கள் பையனுக்குக் கால் வீங்கியிருக்கிறது என்று பரிதாபப்பட்டார்களாம்.

கையில் கிடைத்த எதையும் படிப்பான், கதைப் புத்தகம் தவிர. கதை படிக்கத் தந்தை விடமாட்டார். அறிவியலும் பயணமும்தான் மகனுக்குப் பிடித்தவை. அறிவியல் நூல்கள் பிள்ளையைக் கடவுளிடமிருந்து பிரித்துவிடும் என்று தந்தை அஞ்சினார். ஒரு சமய நூலைப் படிக்கச் சொல்லி மகன் மறுத்தபோது பிரம்பால் அடித்தார். அதுதான் தந்தையிடம் வாங்கிய கடைசி அடி. பின்னர், தாமஸ் டிக் என்பவர் எழுதிய நூல்கள் டேவிட்டுக்குக் கிடைத்தன. அறிவியலும் இறை நம்பிக்கையும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்று அவை விளக்கின. பையனின் மனம் அதில்தான் அமைதி கண்டது. இருவருமே பிடிவாதக்காரர்கள். மகனுக்கு அது எங்கிருந்து வந்தது என்று தேட வேண்டியதில்லை.

19-ஆவது வயதில் நூற்பாளராக உயர்ந்தார். கடினமான வேலை, ஆனால் கூலி கூடுதல். அந்தக் கூலியைச் சேர்த்து வைத்தார். மருத்துவம் கற்றுச் சீனாவுக்குச் சமய ஊழியராகப் போக வேண்டும் என்பது அப்போதைய ஆசை. 1836-இல் கிளாஸ்கோவிலுள்ள ஆண்டர்சன் கல்லூரியில் சேரப் புறப்பட்டார். குளிர்காலத்தில் கல்லூரி, கோடையில் மீண்டும் ஆலை.

கல்லூரியில் சேரப் புறப்பட்ட நாளில், பனி மூடிய சாலையில் கிளாஸ்கோ வரை மகனோடு நடந்து சென்றவர் தந்தை நீல்தான். அறிவியல் புத்தகத்துக்காக மகனோடு மல்லுக்கு நின்ற அதே மனிதர். தெருத் தெருவாக அலைந்து, வாரம் இரண்டு ஷில்லிங் வாடகைக்கு ஓர் அறை பிடித்துக் கொடுத்துவிட்டு ஊர் திரும்பினார்.

1838-இல் லண்டன் மிஷனரி சங்கம் அவரைப் பயிற்சிக்கு எடுத்துக்கொண்டது. அங்கே பெயர் வாங்கினாரா என்றால், இல்லை. ஒரு சிற்றூர்த் தேவாலயத்தில் பிரசங்கம் செய்ய எழுந்தவர், மனப்பாடம் செய்ததெல்லாம் மறந்துபோய், மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வெளியே ஓடிவிட்டார். பயிற்றுநரும் நல்ல அறிக்கை தரவில்லை. கூடுதல் அவகாசம் கொடுத்த பிறகே ஏற்றுக்கொண்டார்கள். இதற்கிடையில் அபின் போர் மூண்டு, சீனாவின் கதவு மூடிக்கொண்டது. தென்னாப்பிரிக்காவில் பணியாற்றிய ராபர்ட் மொஃபட்டை லண்டனில் சந்தித்த பிறகு, லிவிங்ஸ்டனின் கண் ஆப்பிரிக்கா பக்கம் திரும்பியது.

1840 நவம்பரில் மருத்துவத் தேர்வு. அப்போது புதிதாக வந்திருந்த ஸ்டெதஸ்கோப் பற்றித் தேர்வாளர்களோடு வாதாடியதால் தேர்வு நீண்டுகொண்டே போனது. ஆனாலும் தேறிவிட்டார்.

நவம்பர் 16-ஆம் நாள் விடைபெற வீட்டுக்கு வந்தார். இருந்தது ஒரே ஓர் இரவு. தூங்காமல் பேசிக்கொண்டிருப்போம் என்று மகன் சொல்ல, தாய் அதற்குச் சம்மதிக்கவில்லை. தந்தையும் மகனும் நள்ளிரவு வரை பேசினார்கள். விடிவதற்கு முன்பே 5 மணிக்கு எல்லாரும் எழுந்துவிட்டார்கள். தாய் காப்பி போட்டார். டேவிட் திருமறையிலிருந்து சங்கீதம் வாசித்து ஜெபம் செய்தார். பிறகு தந்தையும் மகனும் மீண்டும் அதே கிளாஸ்கோ சாலையில் நடந்தார்கள். லிவர்பூல் செல்லும் கப்பல் புறப்படும் துறையில் முகம் பார்த்து விடைபெற்றுக்கொண்டார்கள். நீல் தனியாக வீட்டுக்கு நடந்தார்.

டிசம்பர் 8-ஆம் நாள் ஜார்ஜ் எனும் கப்பலில் ஆப்பிரிக்கப் பயணம் தொடங்கியது. கப்பல் தலைவரிடம், விண்மீன்களைக் கொண்டு இருக்கும் இடத்தைக் கணக்கிடும் முறையை லிவிங்ஸ்டன் வழியிலேயே கற்றுக்கொண்டார். பின்னாளில் வரைபடம் இல்லாத நிலப்பகுதிகளில் அவருக்குக் கைகொடுத்தது அந்தப் பாடம்தான்.

அவர் இங்கிலாந்து திரும்பியது 1856 டிசம்பரில். புறப்படும்போது பெயர் தெரியாத மருத்துவர், திரும்பும்போது நாடே வரவேற்ற மனிதர். ஆனால், நீல் அதே ஆண்டு பிப்ரவரியில் இறந்துவிட்டார். கடைசி நாள்களில் மகனைப் பார்க்க வேண்டும் என்று மிகவும் ஆசைப்பட்டிருக்கிறார். வரும் வழியில் கைரோவில்தான் லிவிங்ஸ்டனுக்குச் செய்தி கிடைத்தது. வீட்டுக்கு வந்தவர், தந்தை உட்காரும் நாற்காலி காலியாகக் கிடப்பதைப் பார்த்துக் கலங்கிப்போனார். அன்று மாலையே, தந்தையின் நோயைப் பற்றியும் கடைசி நாள்களைப் பற்றியும் ஒன்றுவிடாமல் கேட்டுத் தெரிந்துகொண்டார்.