எலியேசர் பென்-யெகூதா சரித்திரம்

ஒரு பாஷையின் சொற்களை அறிதல் வேறு. எச்சொல் எச்சொல்லோடு கூடி வழங்கும் என்பதை அறிதல் வேறு. விளக்கை ஏற்றுகின்றோம், அடுப்பை மூட்டுகின்றோம். இவற்றை மாற்றியுரைப்பவன் இலக்கணப் பிழை யாதுஞ் செய்திலன். ஆயினும் அவன் அப்பாஷைக்கு அயலான் என்பது உடனே வெளியாகும். எபிரெய பாஷையிலும் இத்தகைய தொடர்வழக்குகள் மிகப் பல. அங்கே உடன்படிக்கையைச் செய்வதில்லை, வெட்டுகிறார்கள். இருபது வயதினனை இருபது வருஷங்களின் புத்திரன் என்கிறார்கள். கண்களை ஏறெடுத்தல், ஒருவர் கண்களில் கிருபை கிடைத்தல் என்பவற்றைத் தமிழ் வேதாகமத்தின் வாயிலாக நாமும் அறிவோம். ஏட்டில் உறைந்திருந்த இத்தொடர்களை வீட்டுப் பேச்சிற்குக் கொணர உழைத்த எலியேசர் பென்-யெகூதா என்பாரின் சரித்திரத்தை ஈண்டுச் சுருக்கி வரைகின்றோம்.

இவர் 1858-ம் வருஷம் ஜனவரி மாதம் 7-ந் தேதி, அக்காலத்து ருஷ்ய சாம்ராஜ்யத்தைச் சேர்ந்த லூஷ்கி என்னும் சிற்றூரில் பிறந்தார். இயற்பெயர் எலியேசர் பெர்ல்மன். இளமையிலேயே தந்தையை இழந்தார். வேதமும் தல்மூதும் ஓதி ரபியாக வேண்டுமென்பதே உறவினர் விருப்பம். ஆனால் பொலோட்ஸ்க் நகரத்து வேதபாடசாலையில் ஆசிரியர் ஒருவர், ராபின்சன் குரூசோவின் கதையை எபிரெய மொழிபெயர்ப்பில் இவருக்கு இரகசியமாகக் கொடுத்தார். தேவாலயத்தில் ஓதும் பாஷையில் தனித்தீவில் வாழ்ந்த ஒருவனது அன்றாட வாழ்க்கையையும் சொல்லக்கூடும் என்பதை இவர் அப்போது கண்டார்.

பின்னர் தெபோராள் என்னும் கன்னிகையிடம் ருஷ்யம், பிரெஞ்சு, ஜெர்மன் பாஷைகளைப் பயின்று, 1878-ல் வைத்தியம் கற்கப் பாரிஸ் சென்றார். அங்கே க்ஷயரோகம் இவரைப் பற்றிற்று. 1879-ல் யூதர்க்குத் தாய்நாடும் சொந்த பாஷையும் வேண்டுமென ஒரு கட்டுரை வெளியிட்டபோது, பென்-யெகூதா என்ற புனைபெயரைத் தரித்தார். யெகூதாவின் புத்திரன் என்பது அதன் பொருள். தந்தையின் பெயரும் யெகூதாவே. நோயின் நிமித்தம் அல்ஜியர்ஸ் நகரில் தங்கியபோது, அவ்விடத்து யூதர் சிலரோடு எபிரெயத்திலேயே உரையாடினார். 1881-ல் தெபோராளை மணந்து எருசலேம் சேர்ந்தார்.

இனி எபிரெயமன்றி வேறு பாஷை நம் வீட்டில் வழங்கலாகாது என்பது இவரது விரதம். தீர்க்கதரிசிகளின் உயர்ந்த தொடர்களெல்லாம் இவர் நாவில் இருந்தன. சமையலறைப் பொருள்கள் பலவற்றிற்கோ பெயர் இல்லை. ஆகவே தம்பதிகள் கையாற் சைகை காட்டியே பலவற்றைக் கேட்டுக்கொண்டனர் என்பர். 1882-ல் பிறந்த மூத்த மகனை வேறு பாஷை காதில் விழாமல் வளர்த்தனர். அச்சிறுவன் நெடுநாள் வாய் திறவாதிருந்தான். அக்காலத்துப் பெற்றோர் மனம் என்ன பாடுபட்டிருக்கும் என்பதை வாசகர் ஊகித்துக்கொள்க. முடிவில் அவன் பேசினான், பேசியது எபிரெயமே.

அந்நாளைய எழுத்தாளர் பலர் வேதவாக்கியத் துண்டுகளைக் கோத்து எழுதுவதையே அழகென்று கருதினர். இதனை மெலிட்சா என்பர். மூக்குக்கண்ணாடி, கண்களின் வீடுகள் ஆயிற்று. அகராதி, சொற்களின் புத்தகம் ஆயிற்று. பென்-யெகூதா சொல்லைக் குறிக்கும் மில்லா என்பதினின்றும் மில்லோன் என்ற ஒரே பதத்தை அகராதிக்கு ஆக்கினார். பொம்மைக்கும் சைக்கிளுக்கும் துவாலைக்கும் பதங்கள் கண்டார். ஆயினும் தொடர்களையெல்லாம் வெறுத்தாரல்லர். பள்ளிக்கூடம் இன்றும் புத்தகத்தின் வீடு. ஆஸ்பத்திரி நோயாளிகளின் வீடு. ஜனங்கள் வாயிற் பழகியது நின்றது, பழகாதது மறைந்தது. தக்காளிக்கு இவர் விரும்பிய பதூரா என்னும் சொல்லை ஜனங்கள் ஏற்கவில்லை.

ஒரு தொடர் இவரைச் சிறைக்கும் அனுப்பிற்று. 1893-ம் வருஷக் கடைசியில் இவரது பத்திரிகையில் மாமனார் எழுதிய பண்டிகைக் கட்டுரையொன்று, பலத்தைத் திரட்டிக்கொண்டு முன்செல்லுமாறு யூதரை ஊக்கிற்று. பலத்தைக் குறிக்கும் அவ்வெபிரெயச் சொல் சேனையையும் குறிக்கும். பகைவர் பின்னைய பொருளைக் கொண்டு, இவர் படை திரட்டுகிறார் எனத் துருக்கி அரசினரிடம் முறையிட்டனர். 1894-ல் இவர் சிறைப்பட்டு, மேல்முறையீட்டில் விடுதலை பெற்றார். வழக்கறிந்து சொல்லுக்குப் பொருள் கொள்ளாவிடில் விளையும் தீங்கிற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

இதற்குள் துக்கமும் இவரைச் சூழ்ந்தது. 1891-ல் தெபோராள் க்ஷயரோகத்தால் இறந்தார். சிறிது காலத்துள் குழந்தைகளுள் மூவர் மாண்டனர். பின்பு தெபோராளின் சகோதரி ஹெம்தாவை மணந்து, அவர் துணையோடு பேரகராதி வேலையில் ஆழ்ந்தார். ஒவ்வொரு சொல்லும் வேதகாலம் முதல் எவ்வெந்நூலில், எவ்வெச்சொல்லோடு இயைந்து வந்தது என்பதை மேற்கோளுடன் திரட்டி, ஜெர்மன், பிரெஞ்சு, ஆங்கிலம் ஆகியவற்றிலும் பொருள் தந்தார். தனிச்சொல் எலும்பு, வழக்கே அதன் உயிர் என்பதை இவர் நன்கறிந்திருந்தார்.

1922-ல் பலஸ்தீன நாட்டின் அரசாங்க பாஷைகள் மூன்றனுள் ஒன்றாக எபிரெயம் ஏற்கப்பட்டது. அவ்வருஷம் டிசம்பர் மாதம் 16-ந் தேதி, அகராதி முற்றுப்பெறாமுன்னரே, இவர் எருசலேமில் காலமானார். மனைவியும் மகனும் அறிஞர் பலரும் தொடர்ந்து உழைக்க, அது 1959-ல் 17 பாகங்களாக நிறைவெய்திற்று.

மாணவ நண்பர்களே, அயல் பாஷையொன்றைக் கற்கையில் நாமும் சொற்பட்டியலை நெட்டுருச் செய்து திருப்தியடைகின்றோம். பென்-யெகூதா கற்ற வழியோ வேறு. சொற்களை அவற்றின் துணைகளோடே தேடினார். தேடியவற்றை அன்றே வீட்டில் பேசினார். பேசி நகைப்பிற்கு இடமாகவும் அஞ்சவில்லை. நமது பாடப்புத்தகங்களையும் இவ்வாறே பயில்வோமாக.