முத்திரை குத்த மறுத்த விஞ்ஞானி

தலையில் அடிபட்ட தொழிலாளி ஒருவர் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்புகிறார். காயம் ஆறிவிட்டது. கைகால் நன்றாக இருக்கிறது. ஆனால் சொல்ல நினைத்த சொல் நாவுக்கு வரவில்லை. பழகிய வேலையின் வரிசை தப்பிப்போகிறது. பைத்தியம் என்கிறது ஊர். சோம்பேறி என்கிறான் முதலாளி. உண்மையில் அவர் மூளையில் பழுதுபட்டது எது, பழுதின்றி எஞ்சியிருப்பது எது? இதைக் கண்டறியும் சாஸ்திரத்துக்கு நரம்பு மனோதத்துவம் என்று பெயர். அதற்கு அடிக்கல் நாட்டியவர்களில் முதன்மையானவர் சோவியத் விஞ்ஞானி அலெக்சாண்டர் லூரியா.

1902 ஜூலை 16-ல் கஜான் நகரில் யூத டாக்டர் ஒருவரின் மகனாகப் பிறந்தார் லூரியா. யூதர்களில் இத்தனை பேர்தான் சர்வகலாசாலையில் நுழையலாம் என்று ஜாரின் சர்க்கார் வரம்பு கட்டியிருந்த காலம் அது. 1917 புரட்சி அந்த வேலியைப் பிடுங்கி எறிந்தது. 1921-ல் பட்டம் பெற்ற லூரியா, பின்னர் மாஸ்கோ சென்றார். 1924-ல் வைகோட்ஸ்கியைச் சந்தித்தார். அந்த நட்பே அவர் வாழ்வின் திருப்பம்.

வைகோட்ஸ்கி ஓர் எளிய கேள்வி கேட்டார். இரண்டு குழந்தைகள் பரீட்சையில் எட்டு வயதுக்குரிய கணக்குவரை தனியே போடுகிறார்கள். ஆசிரியர் சிறிது கைகொடுத்ததும் ஒருவன் பன்னிரண்டு வயதுக் கணக்கை எட்டுகிறான். மற்றவன் ஒன்பதில் நின்றுவிடுகிறான். இவ்விருவரும் சமமா? மார்க்கு மட்டும் பார்ப்பவனுக்குச் சமம்; மனிதனைப் பார்ப்பவனுக்குச் சமமல்ல. வைகோட்ஸ்கி 1934-ல் காசநோய்க்கு இரையானார். ஆனால் அந்தக் கேள்வியை லூரியா கடைசிவரை விடவில்லை.

1931, 1932-ம் ஆண்டுகளில் அவர் உஸ்பெகிஸ்தான் கிராமங்களுக்குச் சென்றார். சுத்தியல், ரம்பம், கோடரி, மரக்கட்டை. இதில் சேராதது எது என்று கேட்டார். நான்கும் வேண்டியவையே என்றார்கள் எழுத்தறியாத குடியானவர்கள். கட்டை இல்லாவிட்டால் ரம்பத்துக்கு என்ன வேலை? சிறிது பள்ளிப்படிப்புப் பெற்றவர்களோ கருவிகளைத் தனியே, கட்டையைத் தனியே பிரித்தார்கள். முன்னவர்கள் மூடர்கள் என்று லூரியா எழுதிவைக்கவில்லை. வாழ்க்கை மாறினால் சிந்தனை முறையும் மாறும் என்பதே அவர் கண்ட முடிவு. ஆயினும் சிறுபான்மை மக்களை இழிவுபடுத்தினார் என்று அவர்மீதே பழி வந்தது. அந்த ஆராய்ச்சி நூலாக வெளிவர 1974 வரை காத்திருக்க நேர்ந்தது.

லூரியா சோர்ந்துவிடவில்லை. வைத்தியக் கல்லூரியில் மாணவராகச் சேர்ந்து 1937-ல் டாக்டரானார். 1941-ல் நாஜிப் படைகள் பாய்ந்தன. மண்டையில் குண்டு துளைத்த செஞ்சேனை வீரர்கள் ஆயிரக்கணக்கில் வந்து குவிந்தார்கள். யூரல் பிரதேசத்தில் 400 படுக்கைகள் கொண்ட ஆஸ்பத்திரி லூரியாவின் பொறுப்பில் அமைந்தது.

அங்கே அவர் கையாண்ட முறைக்குப் பெரிய கருவி எதுவும் தேவைப்படவில்லை. முஷ்டி, கைவிளிம்பு, உள்ளங்கை என்று வரிசையாக மேசைமேல் வைக்கச் சொல்வார். தட்டிக்காட்டிய தாளத்தைத் திருப்பித் தட்டச் சொல்வார். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்வார். தந்தையின் சகோதரன் வேறு, சகோதரனின் தந்தை வேறு என்பது புரிகிறதா என்று பார்ப்பார். எத்தனை தவறு என்று எண்ணுவதோடு அவர் நிற்கவில்லை. எந்த விதத்தில் தவறுகிறது என்று கவனித்தார்.

ஆலைத் தொழிலாளிக்கு இது எளிதில் விளங்கும். பஞ்சு நூலாகித் துணியாவதற்குள் எத்தனை பகுதிகளைத் தாண்டுகிறது! துணி வரவில்லையென்றால் ஆலையே கெட்டதென்று யாரும் சொல்வதில்லை. எந்தப் பகுதியில் நின்றது என்றுதான் தேடுவார்கள். எழுதுவதும் அப்படியே. ஒலியைப் பிரித்தறிய ஒரு பகுதி, எழுத்தின் வடிவத்துக்கு ஒரு பகுதி, கையை வரிசையாக இயக்க இன்னொரு பகுதி. நின்றது எங்கே என்று கண்டால் சுற்றுவழி காணலாம்.

அப்படி வழி கண்டவர்களில் 1943-ல் குண்டடிபட்ட இளம் வீரர் ஒருவரும் உண்டு. எழுத்துக்களை ஒவ்வொன்றாக யோசித்து எழுத அவரால் இயலவில்லை. நிறுத்தாமல் ஒரே ஓட்டமாக எழுதச் சொன்னபோது, பழகிய கை தானே எழுதிற்று! எழுதியதைப் படிக்கவே திணறிய அவர், 25 ஆண்டுகள் போராடித் தன் கதையைச் சுமார் 3,000 பக்கம் எழுதினார். லூரியா அதை 1971-ல் உலகறியச் செய்தார்.

யுத்தத்துக்குப் பின்னும் சோதனை ஓயவில்லை. பாவ்லாவின் பெயரால் நடந்த கண்டனத்தில் அவருடைய ஆய்வுக்கூடம் மூடப்பட்டது. சோஷலிச நாட்டில் நடந்த தவறுதான் இது, மறைப்பதற்கில்லை. லூரியா குறையுள்ள குழந்தைகளுக்கான ஆராய்ச்சி நிலையத்துக்குச் சென்று, அங்கும் அதே கேள்வியோடு உழைத்தார். பிறகு மூளைக் காயங்களின் ஆராய்ச்சிக்கே திரும்பினார். 1962-ல் அவருடைய பெருநூல் வெளிவந்தது. 1977 ஆகஸ்டு 14-ல் காலமானார்.

இன்று பக்கவாதம் வந்த முதியவருக்கும், படிப்பில் பின்தங்கும் சிறுவனுக்கும் இத்தகைய பரிசோதனைகள் நடக்கின்றன. அவற்றின் முடிவைக் காட்டி மந்தம் என்று முத்திரை குத்தி மூலையில் தள்ளவும் முடியும். எது எஞ்சியிருக்கிறதோ அதைப் பற்றித் தூக்கிவிடவும் முடியும். தோழர்களே, நம் வீட்டுக் குழந்தைக்கோ நம்முடன் உழைப்பவருக்கோ அந்தச் சீட்டு நீட்டப்படும்போது, மார்க்கு என்ன என்பதோடு நில்லாதீர்கள். இனி வழி என்ன என்றும் கேளுங்கள். அதுவே லூரியாவின் கேள்வி.