யாழில் அடங்காத பாட்டு!

கடலூர் மாவட்டம், விருத்தாசலம் அருகே உள்ளது ராஜேந்திரப்பட்டினம். வெள்ளெருக்கைத் தல விருட்சமாகக் கொண்ட இதன் பழம்பெயர், திருஎருக்கத்தம்புலியூர். 63 நாயன்மார்களில் ஒருவரான திருநீலகண்ட யாழ்ப்பாணர் அவதரித்த தலம் இது.

7-ஆம் நூற்றாண்டு. மனைவி மதங்கசூளாமணியாருடன் சீர்காழி சென்ற பாணர், ஞானசம்பந்தரின் பதிகங்களுக்கு யாழ் மீட்டும் பேறு பெற்றார்.

காரைக்கால் அருகேயுள்ள தருமபுரம், அவருடைய தாய் பிறந்த ஊர். அங்கே உறவினர்கள், பாணரின் யாழால்தான் பதிகத்துக்கே பெருமை என்றனர். பதறிப்போன பாணர், யாழில் அடங்காத பதிகம் ஒன்றைப் பாடியருளும்படி சம்பந்தரை வேண்டினார்.

சம்பந்தர் பாடினார். யாழில் ஒவ்வொரு நரம்புக்கும் ஒரு சுரம்தான். குரலோ மூச்சின் வேகத்துக்கும் தொண்டையின் அசைவுக்கும் ஏற்ப வளையும், குழையும். உள்ளம் உருகினால் மூச்சும் இளகும்! பாணரின் விரல்கள் திகைத்து நின்றன. யாழை உடைக்கவே ஓங்கிவிட்டார். சம்பந்தர் தடுத்து, இயன்றவரை வாசித்தால் போதும் என்று தேற்றினார். அந்தப் பதிகமே 'யாழ்முரி'.

பிற்பாடு ஆச்சாள்புரத்தில், சம்பந்தரின் திருமண நாளன்று அவருடன் சிவஜோதியில் கலந்தார் பாணர்.

குரல் இனிமையாக இல்லையே என்று தயங்காதீர்கள், தோழியரே! தோள்களைத் தளர்த்தி, நிதானமாக மூச்செடுத்து, பொருள் உணர்ந்து பாடுங்கள். இயன்றவரை போதும், ஈசன் ஏற்பார்!